தறிச் சத்தத்தில் தூங்காத பிள்ளை

என் கண்ணு கோகிலா,

மாமியார் மருமகளுக்குக் கடிதம் எழுதுவது எங்கள் காலத்தில் கிடையாது. செத்துப்போன மருமகளுக்கு எழுதும்படி ஆகிவிட்டது. அஞ்சாவதுவரை படித்த கை; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மஞ்சக்காமாலையில் நீ போவதற்கு முன்னால், யாழினிக்கு ஆட்டிசம் ஏன் வந்தது என்று பார்க்க நீயும் என் மகனும் குழந்தையும் ரத்தம் கொடுத்தீர்களே, அதன் ரிசல்ட்டை நேற்றுத்தான் சொன்னார்கள்.

"யாரு ரத்தத்துல வந்த கோளாறுங்க?" முதல் ஆளாக நான்தான் கேட்டேன்.

"உங்க மகன்கிட்டயும் இல்லீங்கம்மா, மருமககிட்டயும் இல்லீங்க. கரு உண்டானப்பவே ஒரு ஜீன்ல புதுசா வந்த மாத்தம்" என்றார் டாக்டர்.

மூளையில் கிளப்பிவிடுகிற நரம்பணுவும் உண்டாம், 'போதும், அடங்கு' என்று அமர்த்துகிற நரம்பணுவும் உண்டாம். அந்த ஜீன் மாறியதால் இவளுக்கு அமர்த்துகிறவை சரியாக வேலை செய்வதில்லையாம். சத்தம், வெளிச்சம், தொடுவது எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்து விழுமாம். நூல் அறுந்தும் நிற்காமல் ஓடுகிற தறி மாதிரி என்று விளங்கிக்கொண்டேன்.

சோமனூரில் நம் மாதிரி விசைத்தறி ஓடும் வீடுகளில் பிள்ளைகள் தறிச் சத்தத்தில்தான் தூங்கும். கரண்டு போய்த் தறி நின்றால்தான் விழித்து அழும். உன் மகளோ தறி ஓடினால் அலறினாள். "நம்மூட்டு ரத்தமா இருந்தா இப்படிக் கத்துமா?" என்று உன் அம்மா எதிரிலேயே கேட்டேன். பழகட்டும் என்று தொட்டிலைத் தறிக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னதும் நான்தான்.

"வேண்டாங்க அத்தை, அவளுக்கு வலிக்குதுங்க" என்றாய்.

"சத்தம் எங்காச்சும் வலிக்குமா அம்மணி?"

வலித்திருக்கிறது, கண்ணு.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்தாய். "என்னால உங்க ஊட்டுக்கு இப்படி ஆயிப்போச்சுங்க அத்தை." 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? அதை நம்பிக்கொண்டேதான் போனாயா?

யாழினி தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறாள். நான் தூக்கினால் விறைக்கிறாள். உன் புடவையைப் போர்த்தினால் அடங்குவாள். தெரியாமல் அதைத் துவைத்துப்போட்டேன். இப்போது அதையும் தள்ளிவிடுகிறாள்.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் பல்லடத்துக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போகிறேன். "உங்க மக மேல ஒரு குத்தமும் இல்லீங்க சம்பந்தியம்மா" என்று உன் அம்மாவிடம் சொல்வேன். அவர் கதவைச் சாத்தினால் தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன். சத்தியம். உனக்கு மட்டும் கேட்காது.

உன் அத்தை,
யாழினியின் அப்பத்தா