ஆட்டுக்குப் போட்ட அசோலா

தாராவி, பம்பாய்
20-9-84

அன்பு மகள் மெஹராஜுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். லண்டனில் நீ சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் ஆராய்ச்சிக்கென்று மாடியில் நீ விட்டுப்போன அசோலாத் தொட்டிகளை, அந்த மிதக்கும் இலைத் தொட்டிகளை, அடித்து நொறுக்கிவிட்டார்கள். வாப்பாவின் வலது கையும் முறிந்தது. அடித்தவன் எதிர்வீட்டு மாசானம். அவன் மகள் செல்வி மலேரியாவில் போய்விட்டாள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த கையோடு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஏறினான், உங்கள் தொட்டியில்தான் கொசு பெருகியது என்று. வாப்பா குறுக்கே நின்று, இலை மூடிய தண்ணீரில் கொசு வளராது, என் மகளே எழுதியிருக்கிறாள் என்றார். அதற்குத்தான் அந்த அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நம் பட்டறை ஆட்கள் தோல் அறுக்கும் கத்தியோடு ஓடிவந்தார்கள், ஒருவன் மாசானத்தின் முடியைப் பிடித்துக் கழுத்தில் கத்தியை வைத்தேவிட்டான். கீழே அவன் ஆட்கள் கல்லும் கம்புமாக நின்றார்கள். மே மாதக் கலவரத்தில் பார்த்த ரத்தம் போதாதா இந்த ஊருக்கு.

நீ எழுதியது சரிதான், இலை தண்ணீரை மூட நாங்கள்தான் விடவில்லை. இலைக்குள் குடியிருக்கும் பாசி காற்றிலிருந்தே நைட்ரஜனை இழுத்து இலைக்கு ஊட்டுகிறது, உள்ளே இருக்கும்வரைதான் அதன் ஜீன்கள் அப்படி வேலை செய்யும், பிரித்தால் அடங்கிவிடும், அதனால் இலை உயிரோடு வேண்டும் என்று எழுதியிருந்தாயே. அதைக் கேட்டதும் வாப்பாவுக்கு, இவ்வளவு சத்தா, பெருநாள் கிடாய்க்குப் போடலாமே என்று தோன்றிவிட்டது. தினமும் அள்ளிப் போட்டவள் நான். கிடாய் கொழுத்தது, தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது. கொசுப்புழு நெளிவதைப் பார்த்தும் பெருநாள் முடியட்டும் என்று விட்டேன். அந்தக் கறியில் ஒரு பங்கு செல்வி வீட்டுக்கும் போனது, பிள்ளை அப்போதே காய்ச்சலில் கிடந்தாள்.

அதனால் கத்திக்கு நடுவே போய், "விடுங்கலே அவன. கொசு எங்க தொட்டிலதான் வளந்துச்சு, எலய ஆட்டுக்கு அள்ளிப் போட்டது நாந்தான்" என்றேன். கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்தான். செல்வியின் அம்மா தங்கத்தாய் வந்து என்னை அறைந்தாள், தலையைப் பிடித்துச் சுவரில் மோதினாள், ஒரு பல் போனது. நான் கை தூக்கவில்லை, யாரையும் தூக்க விடவுமில்லை. வாப்பாவுக்கு இப்போது என்மேல் கோபம், வாயை மூடியிருந்தால் மானம் நின்றிருக்கும் என்கிறார். மாசானத்தின் கழுத்து நின்றிருக்குமா என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

உடைந்த தொட்டியில் ஒட்டிக்கிடந்த ஒரு பிடி இலையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டிருக்கிறேன். லண்டன் வரும் உன் மாமா மகன் மன்சூர் அலி கொண்டுவருவான். குளிரில் கோட்டில்லாமல் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் கல்வியில் பரக்கத் செய்வானாக.

மறந்துவிடாதே. இலை எங்கே வளர்ந்தது என்று உன் ஆராய்ச்சியில் எழுத வேண்டுமாமே. தாராவி என்று மட்டும் எழுதி விட்டுவிடாதே. செல்வி என்றும் எழுது, ஐந்து வயது என்றும் எழுது.

உன் உம்மா
அக்தர் பானு