தங்கச்சியை ஜின் பிடிக்கவில்லை

உம்மா,

அஸர் தொழுகைக்குப் பிறகு ஓதிப் பார்க்க வரும் லெப்பையை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சஃப்னாவை எந்த ஜின்னும் பிடிக்கவில்லை. நான்தான் காரணம்.

இறால் பண்ணை இரவுக் காவலை நான் விட்டது சம்பளம் போதாமல் இல்லை. அங்கே போனில் பேய்ப் படம் பார்த்துப் பார்த்துப் பயம் பிடித்துவிட்டது. பார்ப்பதை விடவும் முடியவில்லை. போன கிழமை நீங்கள் கல்யாண வீட்டுக்குப் போனபோது, தனியாகப் பார்க்கப் பயந்து அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை.

“நானா, உம்மாட்ட சொல்லட்டா?” என்று கேட்டாள்.

“வாயத் திறந்தா அது உன்னத் தேடி வரும்” என்றேன். உங்கள் ஏச்சுக்குப் பயந்து சொன்னது. அன்றிலிருந்துதான் அவள் யாரோடும் கதைப்பதில்லை.

சாச்சி வீட்டிலிருந்து அவளைக் கூட்டிவரப் போகிறேன். நான் சொன்னது பொய் என்று வழியிலேயே சொல்லிவிடுவேன். அதுவரை நீங்கள் ஒன்றும் கேட்காதீர்கள், நடுங்குவாள்.

மீன் ஆணம் அடுப்பில் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில்.

றுஸ்னி

என் போனை அலுமாரியில் வைத்திருக்கிறேன். திருப்பித் தரவேண்டாம்.

நேற்றுப் பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீரை நீங்கள் குடிக்கக் கொடுத்தபோது, அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டு குடித்தாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.