பச்சை டைல்ஸ்

மார்ச் 9, 1974. சனி. இரவு.

தையில் கல்யாணம் ஆனதிலிருந்து, எதைக் கேட்டாலும் செல்வியின் பதில் ஒன்றுதான்: "உங்க இஷ்டம்." என்ன குழம்பு, எந்தச் சினிமா, எல்லாமே என் இஷ்டம். சுவரோடு குடித்தனம் நடத்துவதுபோல் இருந்தது.

இன்று செங்கல்பட்டில், அடுப்புக்குப் பின்சுவரில் பதிக்க டைல்ஸ் பார்த்தோம். நான் வெள்ளையை எடுத்தேன். வெறுமையின் அழகைப் பற்றிக் கடைக்காரரிடம் கொஞ்சம் பேசவும் செய்தேன். அவர் கட்டத் தொடங்கினார்.

"வாணாம்" என்றாள் செல்வி.

இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஆஸ்பத்திரி மாரி கீது. மீன் வறுத்தா எண்ண எங்க தெறிக்கும்னு தெரியுமா உங்களுக்கு? அடுப்பாண்ட தெனம் நிக்கிறது நானு. அந்தப் பச்சைய எடுங்க."

"வூட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க, அப்புறம் இன்னா சார்?" கடைக்காரர் வெள்ளையை உள்ளே வைத்துவிட்டார்.

பாசி நிறம். எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் மகாபலிபுரம் வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். "கோவமா?" என்று அவள் பலமுறை கேட்டாள்.

சற்றுமுன், நாளைக்கு என்ன சமையல் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"வஞ்சிரம். காலைல கரைக்குப் போயி நீங்கதான் வாங்கியாறீங்க."

அலாரம் வைத்துவிட்டேன்.