ஜன்னலில் பிடித்த படம்

21.08.2025, வியாழன்.

மன அழுத்தத்தால் படுக்கையை விட்டு எழாமல் கிடக்கும் மகன் ரஹீமுக்கு இன்று புதுச்சேரியில் மூளை ஸ்கேன் எடுத்தோம். "கட்டி கிட்டி எதுவும் இல்லீங்க. ஆனா மன அழுத்தம் இந்தப் படத்துல தெரியாது" என்றார் மருத்துவர். அவர் சொன்னதில் முற்பாதியை மட்டுமே நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நலம் விசாரிக்க வந்த அவன் மாமனாரிடம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பாருங்க சம்பந்தி, மூளை சுத்தமா இருக்குது. எல்லாம் சோம்பேறித்தனம்" என்றேன்.

ரஹீம் கதவருகே நின்றிருந்தான்.

"கட்டி இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும், அத்தா. நீங்க நம்பியிருப்பீங்க."

பாத்தி நீர் தெளிவாக இருக்கிறதே, உப்பு எங்கே என்று எவரேனும் கேட்டால், நான் வேலை பார்க்கும் உப்பளத்தில் முதலில் சிரிப்பவன் நான்தான்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவன் அறைக்குச் சென்றேன். "படத்த கவர்ல போட்டுட்டேம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.