ஆஸ்பத்திரியில் ஒரு காதுகுத்து

அண்ணா, இன்று புதுச்சத்திரம் தாண்டும்போது பஸ்ஸுக்குள் அந்தப் புளித்த வாசனை குப்பென்று அடித்தது. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு அரைக்கிற வாசனை. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னலை இன்னும் நன்றாகத் தள்ளித் திறந்தேன். நீங்கள் ஆலை வேலை முடிந்து, காலைத் தாங்கித் தாங்கி என் வீட்டுக்குள் நுழையும்போது உங்கள் சட்டையில் இருந்த வாசனையல்லவா அது!

நம் அம்மா வழி ஆண்பிள்ளைகளுக்கு வருகிற நோய் உங்களுக்கு இருந்தது. அடிபட்டால் ரத்தம் உறையாது. என் மகனுக்கும் அதே நோய். எழுபதுகளில் உங்களுக்கு முட்டி வீங்கினால் ஐஸ் கட்டி வைப்போம், இல்லையென்றால் சேலத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றுவோம். பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு பொடி மருந்து வந்தது. பல பேர் தானம் கொடுத்த ரத்தத்தைச் சேர்த்து, உறைய வைக்கும் சத்தை மட்டும் பிரித்தெடுத்த மருந்து. போட்டதும் முட்டி வீக்கம் வற்றியது. கொஞ்ச நாளில் உங்கள் கண் மஞ்சளானது. யாரோ ஒருவர் ரத்தத்தில் இருந்த கிருமி மொத்த மருந்திலும் கலந்துவிட்டது என்றார் உங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. ஈரல் கெட ஆரம்பித்தது.

அதைப் பார்த்த பிறகு என் மகனுக்கு அந்த மருந்து வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். எண்பதுகளின் நடுவில் அவனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியது. பிடுங்கினால் ரத்தம் நிற்காது, விட்டால் சீழ் பிடிக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் மாவு அப்பிய கையோடு வந்து நின்றீர்கள்.

"அம்மிணி, மருந்து வந்திருச்சு. கிருமியச் சூட்டுலயே கொன்னுபோட்டு அனுப்பியிருக்காங்களாம்."

நான் நம்பினால்தானே! "சூடு பண்ணுனா ரத்தம் முட்டையாட்ட வெந்து போயிராதுங்களாண்ணா?"

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "ஈர மாவ அடுப்புல வெச்சாக் கூழாயிரும். காஞ்ச மாவு வெயில்ல பொழுதுக்கும் கெடந்தாலும் மாவாத்தான கெடக்குது? அதாட்டந்தான். மொதல்ல காய வெச்சுப் பொடியாக்கறாங்க. அப்பறம் நாள்கணக்குல சூடு ஏத்தறாங்க. கிருமி சாகுது, சத்து நிக்குது."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"அவங்க பையனா இருந்தாப் போடுவேன்னாங்க."

அதைக் கேட்டதும் சரியென்று தலையாட்டிவிட்டேன். அந்தச் சூட்டோடு நீங்கள் இன்னொன்றையும் சொன்னீர்கள். "மருந்து ஏத்தறது ஏத்தறாங்க. பல்லப் புடுங்குன கையோட காதையும் குத்திரலாம். எம்மடி சும்மாதான கெடக்குது?"

எட்டு வயதாகியும் அவனுக்குக் காது குத்தவில்லை. உங்களுக்கும் குத்தியதில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்க ஆசை இருந்தும் யாருக்குத் தைரியம்?

பல் பிடுங்குகிற அன்று காலை நீங்கள் செய்த கூத்து இருக்கிறதே! புது வேட்டி, சீர்த்தட்டில் தேங்காய் பழம், சிவப்புக்கல் கடுக்கன். வராந்தா பெஞ்சில் ஆசாரி வேறு. டாக்டரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இது ஆஸ்பத்திரியா, கோயில் மண்டபமா?" என்றார்.

"ஏனுங் டாக்டரம்மா, பல்லுக்கு ஏத்துன மருந்து காதுக்கு வேலை செய்யாதுங்களா?"

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார். "செய்யும். ஆனா ஊசி என்னோடது, குத்தறதும் நானு. ஆசாரி கடுக்கன மட்டும் மாட்டட்டும்."

மருந்து ஏற்றினார்கள், பல்லைப் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்தபடியே பிள்ளை உங்கள் மடியில் ஏறி உட்கார்ந்தான். ஊசி இறங்கியதும் காது மடலில் ஒரு துளி ரத்தம் புறப்பட்டது. நர்ஸ், ஆசாரி, நான், எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தத் துளியையே பார்த்தோம். அது பெருகவில்லை. அண்ணா, நம் வீட்டு ரத்தம் நின்றதை அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன்! அழுதேன், சிரித்தேன், நர்ஸைக் கட்டிக்கொண்டேன்.

நீங்கள் மட்டும் அந்தத் துளியைத் தொடவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டீர்கள். "நீயே தொடச்சு உடு அம்மிணி. எனக்கு வந்தது என்னோட போகட்டும்" என்றீர்கள். சொன்னபடியே சில வருஷத்தில் ஈரல் முழுக்கக் கெட்டுக் கண்ணை மூடிவிட்டீர்கள்.

உங்களைத் தின்ற கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை அதற்கப்புறம்தான் வந்தது. மகனைக் கூட்டிப்போனேன். முடிவு வரும்வரை எனக்கு உயிரே இல்லை. "தம்பிக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, நடுத்தெருவில் நின்று, "உங்க மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்று சத்தமாகவே சொன்னேன்.

பூ விற்கிற அம்மா, "யார்கிட்டீங்க பேசறீங்க?" என்றாள்.

இன்றைக்கும் அவனுக்கு மருந்து ஏற்றி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்களிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.