வெளியே போகும் குரல்

மே 7, ஞாயிறு

மாலை ஆறு மணிக்கு ஹால்வார்ட், வடக்கே பூடோ நகரத்திலிருந்து கூப்பிட்டார். போன இலையுதிர் காலத்தில், பாட்டுக்குழுக்கள் கூடிய விழாவில் பழக்கமானவர். படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைப் போலவே தனிக்கட்டை. செவ்வாயும் ஞாயிறும் தவறாமல் அழைப்பார். அவர் குரல் எனக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. என் குரல்தான் அவருக்குத் துண்டு துண்டாகப் போய்ச் சேருகிறதாம்.

"எனக்குக் கோபம் இல்ல" என்றேன். 'இல்ல' போய்ச் சேரவில்லை. மூன்று நிமிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எல்லாம் மார்ச்சில் பழைய தொலைபேசிக் கம்பியை எடுத்துவிட்டு இந்த இணையப் பெட்டியை மாட்டியதால் வந்த வினை. கைப்பேசிக்கோ இந்த வீட்டில் அலை கிடையாது. பின்னால் இருக்கும் குன்று மறைக்கிறது.

மே 8

சேவை மையத்தில் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். வயரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பேசியதை அப்படியே திருப்பிச் சொல்லும் சோதனை எண் ஒன்றும் தந்தார்கள்.

"நான் தூரிட். அறுபத்திரண்டு வயது. எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றேன். ஓர் எழுத்துக்கூட விடாமல் திரும்பி வந்தது. என் குரல் இவ்வளவு கறாரா?

மே 9, செவ்வாய்

"தண்ணிக்குள்ளேர்ந்து பேசறாப்ல இருக்கு" என்கிறார். தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு சமையலறை, படிக்கட்டு, குளியலறை என்று நடந்தேன். குளியல்தொட்டிக்குள் உட்கார்ந்தும் பார்த்தேன். ம்ஹூம்.

மே 10

பக்கத்து வீட்டு ஓட்னியைக் காப்பிக் கோப்பையோடு அவள் வீட்டுக்கே திருப்பி அனுப்பி, அங்கே அழைத்தேன். மணி மணியாகக் கேட்டதாம்.

"பெட்டில ஒண்ணும் கோளாறு இல்லடி. அந்த ஆளோட பேசறப்ப உனக்கு நாக்கு குழறுது. அவ்வளவுதான்!"

"வாயை மூடு" என்றேன். அதுவும் அவளுக்கு முழுசாகவே கேட்டது.

மே 14, ஞாயிறு

நாசமாப் போச்சு.

ஜூனில் ஒரு வாரம் இங்கே வரட்டுமா என்று கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. "வராதீங்கன்னு நான் சொல்வேனா? ஜூன்ல கட்டாயம் வாங்க!" என்றேன். அவருக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான் போல: "வராதீங்க... ஜூன்ல..."

பிறகு ரொம்ப மரியாதையாக, "புரியுது தூரிட். உங்களுக்கு வேற வேலை இருக்கும். பரவால்ல." வச்சுட்டார். திருப்பி அழைத்தேன், எடுக்கவில்லை.

'வாங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்? இந்த வயசுல என்ன சுத்தி வளைச்சுப் பேச்சு?

மே 16, செவ்வாய்

ஆறு. ஆறேகால். ஏழு. மணி அடிக்கவில்லை.

மே 17

தேசிய நாள். விழா உடை இடுப்பில் இறுக்குகிறது. ஊர்வலம் முடிந்ததும் அலை கிடைக்கும் படகுத்துறையில் நின்று அவருக்குக் குறுஞ்செய்தி அடித்தேன். படித்தால் கெஞ்சுவதுபோல் இருந்தது. அழித்தேன்.

"அனுப்பித் தொலையேன்டி!" என்றாள் ஓட்னி.

மாட்டேன். வாயால் கெடுத்ததை வாயால்தான் சரிசெய்யணும்.

மே 21, ஞாயிறு

இன்றும் இல்லை. தொலைபேசியைத் துடைத்து வைத்தேன்.

மே 22, திங்கள்

சேவை மையத்தில் இம்முறை பேரிட் என்றொரு பெண்.

"உங்க வீட்டுலேர்ந்து ஏதாவது வெளிய போகுதா?"

"குப்பை வியாழக்கிழமைதான் போகும்."

இருமல் வரும்வரை சிரித்தாள். "இணையத்துல கேக்கறேன். உள்ள வர்ற பாதை அகலம், வெளிய போற பாதை குறுகல். படம் கிடம் பெருசா ஏதாவது வெளிய போனா, உங்க குரல் நசுங்கிடும்."

கேமரா! தோட்டத்துக் கூட்டுப்பெட்டியில் நீலச்சிட்டு முட்டையிட்டதைப் பார்க்க வைத்த கேமரா. யாராவது பார்த்தால் மட்டும்தான் அது படம் அனுப்பும். அதைப் பார்க்கும் முகவரியை நான் கொடுத்தது ஒரே ஒருவருக்கு. என்னிடம் பேசிக்கொண்டே சிட்டைப் பார்த்திருக்கிறார் மனுஷன்!

ஆறு மணிக்குச் சந்தேகம் வந்து சோதனை எண்ணை அழைத்தேன். "நா... ரிட்... குறை..." என்று என் குரல் கந்தலாகத் திரும்பி வந்தது. அப்படியானால் — இந்த நிமிஷம் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசாத இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாரா?

கேமராவின் வயரைப் பிடுங்கினேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, மணி அடித்தது.

"தூரிட்? படம் நின்னு போச்சு. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"ஜூன்ல வாங்க."

"என்னது?"

"இதுவும் கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சு. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

சொன்னேன். எத்தனை தடவை என்று இங்கே எழுதப்போவதில்லை.

மே 23, செவ்வாய்

பெட்டியில் எப்போதும் குரலுக்கே முதலிடம் தரும்படி பேரிட் மாற்றிக்கொடுத்தாள். இனி படமும் போகும், பேச்சும் போகும். ஹால்வார்ட் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். காது சுடுகிறது.

ஜூன் 11, ஞாயிறு

வந்துவிட்டார். ஓட்னி சர்க்கரை கேட்டு மூன்று முறை வந்து போனாள்.

ஜூன் 19, திங்கள்

ஹால்வார்ட் ஊர் திரும்ப வேண்டிய கப்பல் இன்று புறப்பட்டது. இருவரும் படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்து, அது முனையைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.