கெண்டையின் தலை

ப்ராக்
19 ஜனவரி 1998

அடி லீதா,

நலமா என்று கேட்க மாட்டேன், கோபத்தில் இருக்கிறேன். ஜனவரி பாதிக்கு மேல் போய்விட்டது, நீ மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் புத்தாண்டுப் படம் வரவில்லை. கலைக்கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து ஒரு வருஷமும் நீ தவறியதில்லை. உன் கணவரைப் புதைத்த வருஷம்கூட ஒரு காகத்தைச் செதுக்கி அனுப்பினாய். பிப்ரவரியில் அனுப்பிவிட்டுத் தபால்காரர்மேல் பழிபோடுகிறவள் நான்தானே!

என் சமையலறைச் சுவரில் உன் படத்துக்கான ஆணி காலியாக நிற்கிறது. "என்ன, உன் சிநேகிதி உன்னைக் கைகழுவிட்டாளா?" என்று என் வீட்டுக்காரர் துஷான் காலைக் காப்பியோடு தினமும் சீண்டுகிறார். படத்தை அனுப்பு, இல்லையென்றால் காரணத்தையாவது எழுது.

கோபமும் முத்தமுமாக,
யித்கா


தெல்ச்
28 ஜனவரி

அன்பு யித்கா,

கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். நவம்பரில் பள்ளிக்கூடப் படியில் உறைபனியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். விரல்கள் பிடிக்கின்றன, மணிக்கட்டு மட்டும் இனி அசையாதாம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முயன்று பார்த்தேன். உளி சறுக்கி நல்ல கட்டை ஒன்று பாழானது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாய் போதும், அதனால் வேலை இருக்கிறது. நீ லீதா என்று கூப்பிடும் லுத்மிலா, அந்தச் செதுக்குகிறவள், முடிந்தாள்.

அச்சு இயந்திரத்தை ஓர் உணவகக்காரர் கேட்டிருக்கிறார். உணவகத்தில் நிறுத்தி மேலே பூந்தொட்டி வைத்தால் அழகாக இருக்குமாம். மார்ச் கடைசியில் வந்து எடுத்துப்போவார். சரி என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

உன்,
லீதா


ப்ராக்
5 பிப்ரவரி

அடி லீதா,

கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு உன்னைத் திட்டினேன். பிறகு உட்கார்ந்து செதுக்கினேன். அதுதான் இந்தப் பொட்டலம்.

விடுதியில் நம் முதல் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று ஆசையாக உயிரோடு ஒரு கெண்டை மீன் வாங்கி வந்து குளியல் தொட்டியில் விட்டோம். அறுக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. விடுதி முழுக்கக் குளிக்காமல் நம்மைச் சபித்தது. கடைசியில் வாளியோடு டிராமில் ஏறிப்போய் ஆற்றில் விட்டோம். அந்தத் தொட்டிதான் படம். கட்டையில் பாதியை முடித்துவிட்டேன், நானும் கெண்டையின் வாலும் இருக்கிறோம். உன்னையும் அதன் தலையையும் நீதான் செதுக்க வேண்டும். வால் என் கையில், தலை உன் பாடு.

இந்த வருஷம் இரண்டு பேர் பெயரிலும் ஒரே படம். இயந்திரத்தை விற்காதே.

யித்கா


தெல்ச்
12 பிப்ரவரி

யித்கா,

கட்டை வந்தது. நொண்டிக் குதிரைக்குச் சர்க்கரைக்கட்டி நீட்டுகிறாய். எனக்கு உன் இரக்கம் வேண்டாம். வால் அருமையாக வந்திருக்கிறது, அதுதான் இன்னும் எரிகிறது. கட்டையை அலமாரியில் போட்டுவிட்டேன். கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

லுத்மிலா


தெல்ச்
29 மார்ச்

அன்பு யித்கா,

பொட்டலத்தை முழுக்கப் பிரிப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்.

உனக்கு அப்படி எழுதிய மறுவாரம் வகுப்பில் பிள்ளைகள் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். மார்கேத்தா என்றொரு வாயாடி கத்தியை இஷ்டத்துக்கு முறுக்கினாள். "கத்தியத் திருப்பாதடி! கை ஆடாம இருக்கணும், கட்டையத்தான் திருப்பணும்" என்று அதட்டினேன். "அப்ப உங்களுக்கு ரொம்ப சுலபமாச்சே டீச்சர், உங்க கைதான் ஆடவே ஆடாதே!" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் குனிந்து என் மணிக்கட்டைப் பார்த்தேன்.

இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், யித்கா. ஆனால் நான் மட்டும் சின்ன வயதிலிருந்து மணிக்கட்டைச் சுழற்றித்தான் செதுக்குவேன். உபதேசம் பிள்ளைகளுக்கு மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் கட்டையைச் சுலபமாகத் திருப்புவதற்கான, மணல் அடைத்த சின்னத் தோல் மெத்தைமேல் உன் கட்டையை வைத்தேன். வலது கை உளியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது, இடது கை கட்டையைத் திருப்பியது. முதல் கோடு கோணல். இரண்டாவது கெண்டையின் மீசை, அது மீசையாகவே வந்தது. சமையலறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். தலையும் என் உருவமும் முடியப் பல வாரம் ஆனது. கெண்டையின் முகத்தில் கொஞ்சம் எங்கள் தலைமை ஆசிரியர் சாயல், அதை யாரிடமும் சொல்லாதே.

இன்னொன்று, மேதாவி அம்மா. அச்சில் இடம் வலமாகும் என்பதை மறந்துவிட்டீர்களே! தொட்டிக்கு வலப்பக்கம் நின்றவள் நீ. கட்டையிலும் வலப்பக்கமே செதுக்கியிருக்கிறாய். படத்தில் என் இடத்தில் நீ நிற்கிறாய், நான் உன் இடத்துக்கு வந்துவிட்டேன். துஷானிடம் காட்டு, மனிதர் வயிறு குலுங்கச் சிரிக்கட்டும்.

நேற்று உணவகக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். எனக்கு முழங்கைவரை மை. "ஏம்மா, தரேன்னு சொன்னீங்களே?" என்றார். ஈரம் காயாத படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஆளுக்கொரு சின்னக் கோப்பை பிளம் பழச் சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். இயந்திரத்தை விட்டுவிட்டுப் போகும்போது கடைச் சுவருக்கு ஒரு படம் கேட்டார். வரிசையில் நில்லுங்கள் என்றேன்.

உன்மேல் எரிந்து விழுந்ததை மறந்துவிடு. பயத்தில் எழுதியது அது.

உன் ஆணிக்கான படம் இதோ, மார்ச்சில் ஒரு புத்தாண்டு வாழ்த்து. பொட்டலத்தின் அடியில் புதிய கட்டை ஒன்றும் இருக்கிறது, அடுத்த வருஷத்துக்கு. என் பாதியைச் செதுக்கிவிட்டேன். இந்த முறை வாலை நான் எடுத்துக்கொண்டேன். தலை உன் பாடு.

உன்,
லீதா